மூக்கு யாருடையது

மலேசியாவில், ஈப்போவின் புந்தோங்கில், எங்கள் தெருவில் ஒரு குழந்தை பிறந்தால், பெயர் வைப்பதற்கு முன்பே அதன் மூக்கு யாருடையது என்பது முடிவாகிவிடும். முடிவு செய்பவர் அத்தை. யாருக்கு அத்தை என்று கேட்டால் பதில் கிடையாது, தெருவுக்கே அத்தை. அவருக்கும் ஒரு பெயர் இருந்தது, அடையாள அட்டையில் நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. இப்போது மூத்த மகனோடு ஜொகூருக்குப் போய்விட்டார். அங்கே யார் வீட்டுப் பிள்ளையின் மூக்கைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ.

நான் தைப்பிங்கிலிருந்து இந்தத் தெருவுக்கு வாழ வந்தவள். என் மூத்த மகனை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்றே அத்தை வந்துவிட்டார். கையைக் கழுவிக்கொண்டு பிள்ளையைத் தூக்கினார். பாசாரில் மீன் வாங்குகிறவர் மாதிரி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"காது உன் மாமனாரு காது. நெத்தி உன் வீட்டுக்காரனுது. பாதத்தப் பாரு, பெரிய நாத்தனா பாதம்."

பத்து மாதம் சுமந்தவளுக்கு ஒன்றும் மிச்சமில்லையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப எனக்கு ஒன்னும் இல்லியா அத்தே?" என்றேன்.

"ஏன் இல்ல? வாய மூடாம அழறான் பாரு. அது நீதான் லா."

என் மாமியார் அன்று சிரித்ததுபோல அதற்குப் பிறகு சிரித்து நான் பார்க்கவில்லை. நான் மூன்று நாள் அத்தையோடு பேசவில்லை. நான்காம் நாள் அவர் சுட்டனுப்பிய வடையின் வாசனை வந்ததும் ரோஷமெல்லாம் போய்விட்டது. எனக்கு ரோஷம் அவ்வளவுதான்.

காலையில் பாசாருக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு சின்னக் கடை. வடை, கறிபாப், சில நாள் அப்பம். புதிதாக வருகிறவர்கள் கொஞ்சம் தடுமாறுவார்கள். ஏனென்றால் கடையில் நிற்பவர் வெள்ளை வெளேர் என்று, சின்னக் கண்ணும் சப்பை மூக்குமாக, சுத்தமான சீன முகத்தோடு இருப்பார். நெற்றியில் வட்டமாகப் பொட்டு, தலையில் கனகாம்பரம், வாயில் தோட்டத்துத் தமிழ். சீனர்கள் யாராவது தங்கள் மொழியில் ஆரம்பித்தால், அத்தை தமிழிலேயே, "எனக்கு உங்க பாசை தெரியாதுலா அண்ணே, எத்தன வேணும்னு விரலக் காட்டுங்க" என்பார். விரலைக் காட்டி வாங்கிப் போவார்கள்.

விஷயம் ஒன்றும் ரகசியமில்லை. அந்தக் காலத்தில் பெண் பிள்ளை அதிகமாகிவிட்ட சீனக் குடும்பங்கள், பிறந்த கையோடு பிள்ளையைத் தமிழர்களிடம் கொடுப்பதுண்டு. ஜாதகம் பெற்றவர்களுக்கு ஆகாது என்றும் கொடுப்பார்கள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய முனியாண்டியும் அவர் மனைவியும் அப்படித்தான் அத்தையை வாங்கி வளர்த்தார்கள். தீமிதித்தார், தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தார், தமிழ்ப் பள்ளியில் படித்தார், பஸ் ஓட்டுகிற மாமாவைக் கட்டிக்கொண்டார். இரண்டு மகன்கள். இரண்டு பேரும் மாமாவை உரித்து வைத்த மாதிரி, கறுத்த சுருட்டை முடிக்காரர்கள். "எங்கிட்ட ஒன்னயுமே எடுத்துக்கல. பத்து மாசம் வாடகைக்கு இருந்துட்டுப் போய்ட்டானுங்க" என்று அத்தை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அவர் பார்க்கிற சாயலை நான் நம்பத் தொடங்கியது, அது பொய் என்று தெரிந்த பிறகுதான். எங்களுக்கு நாலு வீடு தள்ளி ஒரு மாமியார். பேரன் நல்ல சிவப்பாகப் பிறந்துவிட்டான். வீட்டில் எல்லாரும் கறுப்பு. அந்த அம்மாள் மருமகளைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. டிஎன்ஏ சோதனை செய்து பார்த்தால்தான் ஆயிற்று என்று ஒருநாள் வாசலில் நின்றே சொல்லிவிட்டார். உள்ளே அந்தப் பெண் அழுகிற சத்தம் தெரு வரைக்கும் கேட்டது.

அத்தை அடுப்பை அணைத்துவிட்டுப் போனார். பின்னாலேயே நானும் போனேன், சண்டை என்றால் எனக்குக் கால் நிற்காது. அத்தை பிள்ளையின் காலை நீட்டி, சுண்டு விரலைக் காட்டினார்.

"இங்க பாருங்க அக்கா. சுண்டு விரலு பக்கத்து விரலுக்கு அடியில மடங்கிக்கிட்டு போவுது. இப்ப உங்க காலக் காட்டுங்க."

அந்த அம்மாள் செருப்பைக் கழற்றினார். சுண்டு விரல் மடங்கித்தான் இருந்தது. வெகுநேரம் தன் காலையும் பேரன் காலையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் பேரனை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் டிஎன்ஏ பேச்சே எழவில்லை.

நான் வீட்டுக்கு வந்ததும் என் மகன் காலைப் பார்த்தேன். மடங்கி இருந்தது. என் கால், என் வீட்டுக்காரர் கால், தபால்காரர் கால் எல்லாமே மடங்கித்தான் இருந்தன. நேரே கடைக்குப் போனேன்.

"அத்தே, ஊர்ல எல்லாருக்கும் சுண்டு விரலு அப்படித்தான இருக்கு?"

"இருந்துட்டுப் போவுது. அந்தம்மாவுக்கும் இருக்கா இல்லியா?"

அன்றைக்குத்தான் எனக்கு அவர் யார் என்று புரிந்தது. யாருக்கு எந்த முகம் வேண்டுமோ அதைத் தேடி எடுத்துக் கொடுத்துவிடுவார். சாயல் இல்லாத வீட்டில் வளர்ந்தவருக்கு அதன் அருமை தெரிந்திருக்கிறது. அவருடைய முகத்துக்குச் சாயல் தேடிக் கொடுக்கத்தான் யாரும் இல்லை.

அந்தத் தோட்டம் செம்பனையாக மாறி, சனங்கள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் சிதறிப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனாலும் பழைய தோட்டத்து ஆட்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. காலை வணக்கப் படங்களுக்கு நடுவே ஒருநாள் அதில் ஒரு செய்தி வந்தது. சிம்பாங் பூலாயில் ஒரு சீனப் பெரியவர், பிறந்த குழந்தையாக அந்தத் தோட்டத்தில் கொடுத்துவிட்ட தன் மகளைத் தேடுகிறார். கண்ணை மூடுவதற்குள் ஒருதரம் பார்க்க வேண்டுமாம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

குழுவில் இருந்த அத்தனை பேரும் அத்தையைக் கைகாட்டினார்கள். சீனத்துப் பொண்ணு என்றால் எல்லாருக்கும் அவர் ஞாபகம்தான்.

அத்தை ஒரு வாரம் யார் பிள்ளையையும் தூக்கவில்லை. கடையில் வடை கருகியது. ஒரு மத்தியானம் என் வீட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்து, "ஏம்மா, என்னய மாதிரியே இருக்குற ஒரு மூஞ்சிய நான் பாத்ததே இல்ல தெரியுமா? ஒரே ஒரு தடவ பாக்கணும் லா" என்றார். கண்ணாடியில் பார்க்கிறீர்களே என்று கேலி பேச வாய் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

பெரியவருடைய மகன் சிம்பாங் பூலாயில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறவர், நல்ல மனிதர். தொலைபேசியில் பேசினார். சும்மா முகத்தைப் பார்த்து முடிவு செய்துவிட்டு நாளைக்கு ஒருவர் மனம் நோகக்கூடாது, சோதனை செய்துகொள்ளலாம் என்றார். அம்மா இறந்துவிட்டதால் அப்பாவும் மகளும் மட்டும் எச்சிலைச் சோதனைக்குக் கொடுத்தால் போதுமாம். அத்தை உடனே சம்மதித்தார். ஈப்போ நகரத்தில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் நாள் குறித்தார்கள். ஓட்டுநர் நான்தான். என் பழைய மைவி கார் அப்படிப் பல நல்ல காரியங்களுக்குப் போயிருக்கிறது.

போவதற்கு முன் நான் தெளிவாகச் சொன்னேன். வாயின் உட்கன்னத்தில் பஞ்சுக் குச்சியை வைத்துத் தேய்ப்பார்கள், அதனால் ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்து தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. அத்தை தலையாட்டினார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. காரில் ஏறும்போது மடியில் ஒரு டிபன் கேரியர் இருந்தது. வரும்போது சாப்பிடுவதற்கு என்று நினைத்துவிட்டேன்.

பரிசோதனைக்கூடத்து வாசலிலேயே பெரியவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டையைக் கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டு, தலையைத் தண்ணீர் தொட்டுச் சீவி, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி இருந்தார். நான் காரை நிறுத்திவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கேரியரைத் திறந்து உளுந்து வடையைப் பிட்டுப் பிட்டு அவர் வாயில் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரும் பொய்ப்பல்லால் மென்றுகொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து வந்த பெண் தலையில் கைவைத்துக்கொண்டாள். தமிழ்ப் பெண்தான், சின்ன வயது. "ஆண்டி, சாப்பிடக்கூடாதுன்னு சொன்னோமா இல்லியா?"

"நான் சாப்பிடலியே மா. என்னயத்தான சாப்பிடக்கூடாதுன்னீங்க. அவருக்குக் குடுக்கக்கூடாதுன்னு யாரும் சொல்லலியே. பெத்தவரப் பாக்க வெறுங்கையோடயா வரது?"

பெரியவர் வாய் கொப்பளித்தார். பல் கழற்றிக் கழுவப்பட்டது. இனி ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அடையாள அட்டைகளை வாங்கிக்கொண்டாள். படம் எடுத்தாள், சம்மதம் என்று கையெழுத்தும் கட்டைவிரல் ரேகையும் வாங்கினாள். இடையில் அத்தை கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

"ஒவ்வொருத்தர் உடம்புலயும் பாதி அம்மா குடுத்தது, பாதி அப்பா குடுத்தது ஆண்டி. உங்களுதையும் இவருதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எடம் எடமா பாப்பாங்க. அப்பான்னா ஒவ்வொரு எடத்துலயும் அவரு குடுத்தது ஒன்னு உங்ககிட்ட இருக்கணும். ஒன்னு ரெண்டு எடம் யாருக்கு வேணா ஒத்துப்போவும்."

"நான் ஒரு எடம் பாத்தாலே சொல்லிடுவேனே."

"அதனாலதான் ஆண்டி எங்களுக்கு வேல இருக்கு" என்றாள் அவள். அத்தை விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்த ஒரு மணி நேரத்தில் இருவரும் மலாயில் பேசிக்கொண்டார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்குச் சீனம் தெரியாது. பெரியவர் மெதுவாகச் சொன்னார். ஏற்கெனவே நான்கு பெண்கள், இந்தப் பிள்ளை அப்பாவுக்கு ஆகாது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். கொடுத்தாயிற்று, ஆனால் மனம் ஆறவில்லை. ஒரு வருடம் கழித்துத் தோட்டத்துக் கோயில் திருவிழா அன்று சைக்கிளில் போய் ரோட்டில் நின்று பார்த்தார். மேளம் அடித்துக்கொண்டிருந்த ஆளின் கழுத்தில் அவர் பிள்ளை உட்கார்ந்து, அவன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நம்மைவிட நன்றாகத்தான் வைத்திருக்கிறான் என்று திரும்பி வந்துவிட்டார். அடுத்த வருடமும் போனார். அதே மேளக்காரர், அதே கழுத்து.

அத்தை, "மேளம் அடிச்சவரா?" என்று மறுபடி கேட்டார். பெரியவர் ஆமாம் என்று இடுப்பருகே இரண்டு கையாலும் அடித்துக் காட்டினார். அதற்குப் பிறகு அத்தை பெரியவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டதும் எழுந்து போய் வாயைத் திறந்தார். பஞ்சுக் குச்சி ஒரு கன்னம், இன்னொரு குச்சி மறு கன்னம். வலியும் இல்லை, ரத்தமும் இல்லை. முடிவு வர இரண்டு வாரம் என்றார்கள்.

கார் புந்தோங் திரும்பும்போதுதான் அத்தை ஆரம்பித்தார்.

"அவரு எங்கப்பா இல்ல" என்றார்.

"எப்படித் தெரியும் அத்தே?"

"எங்கப்பா மேளம் அடிச்சதே இல்ல லா. மேளச் சத்தம் கேட்டா அவருக்கு சாமி வந்துரும். ஆடுற மனுசன் கழுத்துல பிள்ளய எவன் ஏத்துவான்? மேளம் அடிச்சவரு கடைசி லயத்து வீட்டுல இருந்தாரு. அவரு வீட்டுலயும் ஒரு சீனத்துப் பிள்ள வளந்துச்சு. எங்கூடதான் படிச்சா. சின்ன வயசுலயே கட்டிக்கிட்டு பாரிட் புந்தாருக்குப் போய்ட்டா. வயக்காட்டு வெயில்ல நின்னு கறுத்துட்டா. அதான் யாருக்கும் ஞாபகம் வரல."

"உங்களுக்கு ஞாபகம் வந்திருக்குமே."

"வந்துச்சு. சேதி வந்த அன்னிக்கே வந்துச்சு. சொல்லல. எனக்கும் ஆச இருக்காதா மா?"

நான் காரை ஓரமாக நிறுத்தினேன். அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. அவர் என் முதுகில் ஒன்று வைத்து, "நீ எதுக்குலா அழற, பெட்ரோல் ஊத்து. ஞாயித்துக்கெழம பாரிட் புந்தார் போலாம்" என்றார்.

"அந்தப் பெரியவருகிட்ட இப்பவே சொல்லிடலாம்ல?"

"நான் வாயால சொன்னா நம்புவாரா? பிடிக்காம தட்டிக் கழிக்கிறேன்னு நெனப்பாரு. மிசின் சொல்லட்டும்."

பாரிட் புந்தாரில் வயலுக்கு எதிரே அந்தத் தோழியின் வீடு. அவர் அத்தையைக் கட்டிக்கொண்டு ஆடிவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் முகம் சுருங்கியது. "வேணாம்னு குடுத்தவரு. இத்தன வருசம் வராதவருக்கு இப்ப என்னா அவசரம்? நான் வரல."

"வந்தாருடி" என்றார் அத்தை. "திருவிழாவுக்கு வந்து ரோட்டுல நின்னு பாத்தாரு. உங்கப்பா கழுத்துல நீ உக்காந்திருந்ததப் பாத்துட்டு, நல்லா வச்சிருக்காருன்னு போய்ட்டாரு. மறுவருசமும் வந்தாரு."

அந்த அம்மாள் முந்தானையைச் சுருட்டினார்.

"இன்னொன்னு. நீ சிரிச்சா எடது கண்ணு மட்டும் மூடிக்கும்ல? அந்த மனுசனுக்கும் அப்படித்தான்."

அந்த அம்மாள் எழுந்து அறைக்குள் போனார். கதவு இடுக்கில் எனக்குத் தெரிந்தது. கண்ணாடி முன்னால் நின்று, யாரும் இல்லாத அறையில், ஒருதரம் சிரித்துப் பார்த்தார். பிறகு இன்னொரு தரம். வெளியே வந்து, "எப்ப வரணும்?" என்று கேட்டார்.

திரும்பும் வழியில் நான் அத்தையைச் சந்தேகமாகப் பார்த்தேன். "நெசமாவே அவருக்கு எடது கண்ணு மூடுமா? இல்ல சுண்டு விரலு கதையா?"

"நீயே பாத்துக்க" என்றார்.

முடிவு சொல்லும் நாளன்று அந்த அம்மாள் ரயிலில் வந்து இறங்கினார். பட்டுச் சேலை, கை நிறைய வளையல். பரிசோதனைக்கூடத்துக்கு வெளியே நிழலில் காரை நிறுத்தி, அவரைக் கொஞ்ச நேரம் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நாங்கள் உள்ளே போனோம். பெரியவர் மகனோடு வந்திருந்தார். பரிசோதனைக்கூடத்துப் பெண் தாளைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள். பல இடங்கள் பொருந்தவில்லை. இவர் அவருடைய மகள் இல்லை. மலாயில் இன்னொரு தரம் சொன்னாள்.

பெரியவர் முதலில் தலையை ஆட்டினார். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. மகன் அவர் முதுகைத் தடவினார்.

அத்தை எழுந்து அவர் கையை முகத்திலிருந்து எடுத்தார். மலாயில், "அழாதீங்க. ஆள் மாறிப்போச்சு, அவ்வளவுதான். சரியான ஆளக் கூட்டியாந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் அந்த அம்மாளைக் கையைப் பிடித்து இழுத்துவந்தார்.

இருவரும் எதிரெதிரே நின்றார்கள். அந்த அம்மாள் கூச்சத்தில் சிரித்துவிட்டார், இடது கண் மூடிக்கொண்டது. அதைப் பார்த்துப் பெரியவரும் கண்ணீரோடு சிரித்தார். அவர் இடது கண்ணும் மூடிக்கொண்டது. மகன் எங்கள் எல்லாரையும் பார்த்துத் தன் மொழியில் ஏதோ சத்தமாகச் சொன்னார். எனக்குப் புரியவில்லை, ஆனால் சந்தோஷம் எந்த மொழியில் இருந்தால் என்ன.

பரிசோதனைக்கூடத்துப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதெல்லாம் ஆதாரம் ஆவாது" என்று சொல்லியபடி புதிய பஞ்சுக் குச்சிகளை எடுத்தாள். அந்த முடிவும் பிறகு வந்தது. தொண்ணூற்றொன்பதுக்குப் பக்கத்தில் புள்ளி வைத்து இன்னும் நிறைய ஒன்பதுகள் இருந்ததாம். அதற்குள் அந்த அம்மாள் சிம்பாங் பூலாய்க்கு மூன்று தடவை போய் வந்திருந்தார்.

அன்று மகளைக் கையெழுத்துக்காக உள்ளே கூப்பிட்டபோது, பெரியவர் அத்தையைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அத்தையின் கையை அவர் விடவில்லை. தனக்கு ஒரு மகளைத் தேடிக் கொடுத்துவிட்டு இவள் வெறுங்கையோடு நிற்கிறாளே என்று அவருக்கு மனம் கேட்கவில்லை போலிருக்கிறது. தயங்கித் தயங்கி, "அப்படியானால் நீ யார் பிள்ளை?" என்று மலாயில் கேட்டார்.

அத்தை அவரிடம் அன்று வரைக்கும் மலாயில்தான் பேசியிருந்தார். இதற்கு மட்டும் தமிழில் பதில் சொன்னார், தெருவில் யாராவது கேட்டால் சொல்வதுபோல, கொஞ்சம் பெருமையாக.

"நானா? நான் முனியாண்டி மக லா."